அக்கா காதுக்குள் இருந்த நாள்

தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நிற்கும்போது கை முழுக்கச் சேறாக இருக்கும். அந்தக் கையால் போனைத் தொட முடியாது. கழுத்தில் கிடக்கிற ஹெட்செற்றின் பட்டனை மணிக்கட்டால் அமத்தி, "நாளைக்குச் சண்டிலிப்பாயிலை மழை வருமோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ" என்று கேட்பேன். ஒரு பெண் குரல் இந்தியத் தமிழில் பதில் சொல்லும். நான் "நல்லது, நன்றி" என்பேன். போனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆனாலும் இப்போதும் சொல்லித்தான் வருகிறேன். அவ்வளவு பவ்வியமாகப் பதில் சொல்கிற குரலிடம் பேசாமல் போக மனம் வருவதில்லை.

இந்த ஹெட்செற் மழை கேட்பதற்காக என்னிடம் வந்ததல்ல. எனக்குக் கலியாணம் பேசுவதற்காகக் கனடாவிலிருந்து வந்தது.

எனக்கு அப்போது நாற்பத்தேழு வயது. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுத் தோட்டத்துக்கு வந்தவன். எனக்கு மூத்தது ஓர் அக்கா, இளையது இரண்டு தங்கச்சிமார். பெண்சகோதரங்களுக்கு முடித்துவிட்டுத்தான் ஆண்பிள்ளை தன் கலியாணத்தைப் பற்றி யோசிப்பது எங்கள் வீடுகளின் வழக்கம். கடைசித் தங்கச்சி கலியாணம் முடித்துப் பிரான்சுக்குப் போனபோது எனக்கு நாற்பத்தொரு வயது. தலைமயிர் பாதி வெளுத்துவிட்டது. ஆனால் என்னைப் பின்னுக்கு இழுத்தது வயதல்ல, கூச்சம். கடையில் வேறு ஆட்கள் நின்றால் அவர்கள் போகும்வரை சைக்கிள் சில்லுக்குக் காற்று இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வெளியில் நிற்பேன். அப்படிப்பட்ட ஆள்.

முன்பெல்லாம் சாதகக் குறிப்புப் பொருந்தினால் நேரே கோயிலில் வைத்துப் பெண் பார்ப்பார்கள். இப்போது அதற்கு முன்னர் இரண்டு பேரையும் போனில் ஒருமுறை கதைக்க விடுகிறார்கள். நல்ல வழக்கந்தான். என்னைப் போன்றவர்களுக்குத்தான் அது ஒரு பரீட்சை. மூன்று இடங்களில் நான் அந்தப் பரீட்சையில் தவறினேன். ஒரு வீட்டார், மாப்பிள்ளைக்குக் காது கேட்காதோ என்று கேட்டனுப்பினார்கள். இன்னொரு வீட்டார், அவருக்கு இதில் விருப்பம் இல்லைப் போல என்றார்களாம். விருப்பம் இருந்தது. அதைச் சொல்வதற்கு வாய்தான் வரவில்லை.

நான்காவது குறிப்பைக் கொண்டுவந்த புரோக்கர் கதிரையில் இருக்கவும் இல்லை. நின்றபடியே சொன்னார்.

"தம்பி, பிள்ளை தென்மராட்சிப் பக்கம். நாப்பத்திரண்டு வயசு. ரவுணிலை ஒரு கொம்பனியிலை வேலை. எண்பது வீதம் பொருத்தம். இதுதான் கடைசி. இதையும் நீர் வாயாலை குழப்பினீர் எண்டா, உம்மடை குறிப்பைக் கொண்டு நான் இனி ஒரு வீட்டுப் படியும் ஏறமாட்டன்."

உள்ளேயிருந்து அம்மா சொன்னார்: "வாயாலை குழப்பிறதுக்கு அவன் வாயைத் திறந்தாத்தானே."

இந்தச் செய்தி அன்றைக்கே கனடாவிலிருக்கிற அக்காவுக்குப் போய்விட்டது. அக்கா யோசித்து ஒரு திட்டத்தோடு வந்தார். கனடாவிலிருந்து வந்த ஒரு சொந்தக்காரரிடம் அந்த ஹெட்செற்றைக் கொடுத்தனுப்பினார். கழுத்தைச் சுற்றிக் கிடக்கும், இரண்டு பக்கமும் காதுக்குள் செருகுகிற முனை. அதை எப்படிப் பாவிப்பது என்று அக்கா போனில் எனக்கு வகுப்பு எடுத்தார்.

"டேய் தம்பி, வடிவாக் கேள். உன்ரை பெரிய போனிலை நான் வருவன். ஹெட்செற்றை இடது காதுக்கு மட்டும் போடு. சின்னப் பட்டன் போனிலை அந்தப் பிள்ளைக்கு எடு. அதை ஸ்பீக்கரிலை போட்டு நாடிக்குக் கிட்டப் பிடி. அவ கேக்கிறது எனக்கும் கேக்கும். நான் சொல்லச் சொல்ல நீ திருப்பிச் சொல்லு. சொந்தமா ஒண்டும் சொல்லிப்போடாதை."

"அது பிழை இல்லையோ அக்கா?"

"என்ன பிழை. மூண்டு பேரை நீ சொந்த வாயாலைதானே துரத்தினனீ."

அக்கா சொன்னால் செய்துதான் எனக்குப் பழக்கம். சின்ன வயதில் எனக்குச் சோறு தீத்தியதிலிருந்து, எந்தச் சட்டையைப் போடுவது என்பதுவரை அவர் சொன்னபடிதான். கனடாவுக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகியும் அது மாறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு என்று ஒழுங்கானது. அக்காவுக்கு அப்போது காலை. எங்கள் வீட்டில் போன் கோலை ஸ்பீக்கரில் போட்டு வீடே கேட்பது வழக்கம் என்பதால், நான் தோட்டத்துக் கிணற்றடியில் இருக்கிற மோட்டர்க் கொட்டிலுக்குள் போய் உட்கார்ந்தேன். இடது காதில் அக்கா தேத்தண்ணி உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. வலது கையில் பட்டன் போன். எடுத்தேன்.

"வணக்கம்" என்றது ஒரு குரல். தெளிவான குரல். அவசரம் இல்லாத குரல். "சுகமா இருக்கிறீங்களோ?"

நான் பேசாமல் காத்திருந்தேன். கேள்வி கனடாவுக்குப் போய், பதில் திரும்பி வருவதற்கு இரண்டு மூன்று வினாடி எடுத்தது. அந்த இரண்டு மூன்று வினாடியும் எனக்கு ஒரு பாத்தி தண்ணீர் நிறைகிற நேரம்போல் இருந்தது.

"நல்ல சுகம், நீங்கள் எப்பிடி எண்டு கேள்" என்றார் அக்கா.

"நல்ல சுகம். நீங்கள் எப்பிடி?"

"நானும் சுகம். தோட்டம் எண்டு சொன்னவை. என்னென்ன நட்டிருக்கிறீங்கள்?"

இது எனக்கே தெரிந்த பதில். வெங்காயமும் பீற்றூட்டும். சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சொந்தமாக ஒன்றும் சொல்லாதே என்பது ஞாபகம் வந்து மூடிக்கொண்டேன்.

"போயிலை எண்டு சொல்லு. ஆயிரம் கண்டு எண்டு சொல்லு" என்றார் அக்கா.

"போயிலை. ஆயிரம் கண்டு" என்றேன். நாங்கள் புகையிலையை விட்டுப் பன்னிரண்டு வருடம். அக்காவின் மனதில் இருக்கிற தோட்டத்தில் அவர் விட்டுவிட்டுப் போன புகையிலை இன்னும் நிற்கிறது.

மற்றப் பக்கத்தில் அந்தக் குரல் திடீரென்று வேகம் பிடித்தது.

"சமைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். நான் மூச்சு விடுவதற்குள், "குடிக்கிற பழக்கம் ஏதும் இருக்கோ?" என்றார்.

காதுக்குள் அக்கா வந்தார். "ஓம், நல்லாத் தெரியும், அம்மாதான் பழக்கினவ எண்டு சொல்லு."

என் முழுக் கவனமும் இடது காதில் இருந்தது. வலது பக்கத்தில் கேட்டது எது, இடது பக்கத்தில் வந்தது எதற்கு என்று யோசிக்க நேரம் இல்லை.

"ஓம், நல்லா. அம்மாதான் பழக்கினவ" என்றேன்.

"அம்மாவோ?"

அந்த ஒரு சொல்லில்தான் எனக்கு விளங்கியது. அதே நேரம் குடிக்கிற கேள்வி கனடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஐயோ, இல்லை எண்டு சொல்லு, அது சமையலுக்குச் சொன்னது, டேய், இல்லை எண்டு சொல்லு" என்று அக்கா காதுக்குள் கத்தத் தொடங்கினார்.

"அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன்.

"அக்காவும் பக்கத்திலையோ?" என்றது பட்டன் போன். "அவவுக்கும் அம்மாதான் பழக்கினவவோ?"

நான் சிவப்புப் பட்டனை அமத்திக் கோலை வெட்டிவிட்டேன். கூச்சப்பட்டவனின் கை அப்படித்தான் செய்யும். பிறகு அக்காவின் கோலையும் வெட்டினேன். கொட்டிலுக்குள் இருட்டுப்படும்வரை இருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் அம்மா முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டார். "என்ன, இதுவும் போச்சோ?" என்றார். "என்ன சொன்னனீ?"

"நீங்கள் எனக்குக் குடிக்கப் பழக்கினதெண்டு சொல்லிப்போட்டன்."

அம்மா அகப்பையைக் கையில் வைத்தபடி என் பக்கம் திரும்பினார். "கடவுளே" என்றார். பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அந்தப் பிள்ளை என்ன நினைச்சிருக்கும்" என்று கண்ணைத் துடைத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முந்திய மூன்று தடவையும் கலியாணம் குழம்பியதுதான் எனக்குக் கவலை. இந்தத் தடவை அந்தக் குரலை இனிக் கேட்க முடியாதே என்பதுதான் கவலை.

புரோக்கருக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டிலிருந்தும் அவருக்கு ஒரு செய்தியும் போகவில்லை. அக்கா, "நான் எடுத்து விளக்கமாச் சொல்லட்டோ" என்று கேட்டார். "வேண்டாம்" என்றேன்.

அடுத்த நாள் காலை வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டு நின்றேன். ஹெட்செற் வந்த நாளிலிருந்து பழகினபடி அதில் மழையைப் பற்றிக் கேட்டேன். மழை இல்லை என்றது. நன்றி சொன்னேன். அப்போதுதான் யோசித்தேன்: போனோடு கதைக்க எனக்குக் கூச்சம் வருவதில்லை. மறுபக்கத்தில் ஒரு மனிசர் காத்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான் என் வாயைக் கட்டுகிறது. அப்படியென்றால் காத்திருக்காத நேரத்தில் சொல்லலாந்தானே. தங்கச்சிமார் எனக்கு அனுப்புகிற மாதிரிக் குரலைப் பதிந்து அனுப்பலாம். வொய்ஸ் போடுகிறது என்று அவர்கள் சொல்வார்கள். நான் அதுவரை ஒன்றும் போட்டதில்லை.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போனேன். முதலாவது பதிவில் வெறும் மூச்சுத்தான் இருந்தது. அழித்தேன். அடுத்ததில் மோட்டர்ச் சத்தம் என்னை அமத்திவிட்டது. மோட்டரை நிற்பாட்டினேன். பிறகு எத்தனை பதிந்து எத்தனை அழித்தேனோ தெரியாது. பாத்தியில் தண்ணீர் பாதியில் நின்றது. கடைசியில் பதிந்ததை நான் திருப்பிக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அதையும் அழித்திருப்பேன்.

அதில் இப்படித்தான் சொன்னேன்: "வணக்கம். நேற்றுக் கதைச்சது நான்தான், ஆனா சொன்னது முழுக்க அக்கா. அவ கனடாவிலை. ஹெட்செற்றுக்குள்ளாலை சொல்லித் தந்தவ. எனக்கு ஆக்களோடை கதைக்கக் கூச்சம். நான் குடிக்கிறேல்லை. சமைப்பன், கத்தரிக்காய் பொரிச்ச குழம்பு மட்டும் அம்மாடை மாதிரி வராது. போயிலையும் இல்லை, வெங்காயமும் பீற்றூட்டும்தான். கோலை வெட்டினது பயத்திலை. அது பிழை."

அனுப்பிவிட்டுப் போனைக் கொட்டிலின் கூரை வளையில் வைத்துவிட்டுப் பாத்திக்குப் போனேன். அரை மணித்தியாலத்துக்குள் நாலு தரம் வந்து பார்த்தேன். மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பதில் வந்தது. அதுவும் வொய்ஸ்தான். இரண்டு நிமிசம் இருபது வினாடி. இரண்டு காதிலும் ஹெட்செற்றைச் செருகிக்கொண்டு வரம்பில் உட்கார்ந்து கேட்டேன்.

முதலில் சிரிப்பு. பிறகு அந்த அவசரம் இல்லாத குரல்.

"எனக்கு அது தெரியும். என்ரை வேலையே ஹெட்செற்தான். கொம்பனிக்கு வாற கோல் எடுக்கிறது. காலமை எட்டரையிலையிருந்து காதிலை போட்டா, பின்னேரம்தான் கழட்டுறது. புதுசா வாற பிள்ளையளுக்கு நாங்கள் இப்பிடித்தான் காதுக்கை சொல்லிக் குடுக்கிறது. அதுகளும் உங்களை மாதிரித்தான், கேட்டாப் பதில் பிந்தி வரும், வந்தா ஒப்பிக்கிற மாதிரி வரும். உங்கடை ரெண்டாவது பதிலிலையே நான் பிடிச்சிட்டன். அதுதான் ரெண்டு கேள்வியைச் சேத்துக் கெதியாக் கேட்டனான். சமையலுக்கு வந்த பதிலைக் குடிக்குச் சொல்லுவீங்கள் எண்டு பாத்தன், சொன்னீங்கள். அம்மாவை இழுப்பீங்கள் எண்டு நான் நினைக்கேல்லை. நேற்று இரவு முழுக்கச் சிரிச்சன். குறை நினையாதையுங்கோ."

கொஞ்சம் நிறுத்தி, வேறு மாதிரியான குரலில் தொடர்ந்தார்.

"நீங்கள் கனக்கக் கதைக்காட்டிப் பரவாயில்லை. பகல் முழுக்க ஆக்கள் காதுக்கை கதைச்சு எனக்குப் போதும். ஆனா நான் கேக்கிறதுக்குப் பதில் உங்கடையா இருக்கவேணும். ஒண்டு கேக்கிறன். கலியாணத்துக்குப் பிறகு பிள்ளை வேலைக்குப் போகத் தேவையில்லை, அம்மாவோடை வீட்டிலை இருக்கலாம் எண்டு உங்கடை அக்கா புரோக்கரிட்டைச் சொல்லி விட்டவவாம். நான் பதினாலு வருசமா இந்த வேலையிலை நிக்கிறன். அதை விடமாட்டன். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

அக்கா அப்படிச் சொல்லி அனுப்பியது எனக்குத் தெரியாது. அக்கா சொன்னதற்கு மாறாக நான் அதுவரை ஒன்றும் சொன்னதும் இல்லை. வரம்பில் இருந்தபடியே பட்டனை அமத்தினேன். "விட வேண்டாம். சண்டிலிப்பாயிலையிருந்து ரவுணுக்குக் காலமை பஸ் இருக்கு. பஸ்சைத் தவறவிட்டா நான் மோட்டச் சைக்கிளிலை கொண்டுபோய் விடுவன். அக்காட்டை நான் சொல்லுறன்." ஒரே தடவையில் பதிந்து, அழிக்காமல் அனுப்பினேன்.

அனுப்புவது இலகுவாக இருந்தது. அக்காவிடம் சொல்வதுதான் இலகுவாக இல்லை. அன்று பின்னேரம் அவரே எடுத்தார். அம்மா வழக்கப்படி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தார்.

"அக்கா, அவ வேலையை விடமாட்டாவாம். நானும் விட வேண்டாம் எண்டு சொல்லிட்டன்."

கனடாவில் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"ஆர் சொன்னது?"

"நான்."

"நீயோ? என்னைக் கேளாமலோ?"

"ஓம் அக்கா."

"அப்ப அம்மாவை ஆர் பாக்கிறது? நான் இஞ்சையிருந்து எல்லாம் யோசிச்சுச் செய்ய, நீ..."

அம்மா மேசைக்குக் குனிந்து போனுக்குள் சொன்னார்: "என்னைப் பாக்க என்ன கிடக்கு பிள்ளை. நான் நல்லாத்தான் இருக்கிறன். நானும் உங்களைப் பெத்துப்போட்டு விடியத் தோட்டத்துக்குப் போனனான்தானே. ஆரும் மறிச்சவையோ?"

அக்கா போனை வைத்துவிட்டார். மூன்று நாள் எடுக்கவில்லை. எனக்கு ஞாபகம் தெரிந்த காலத்திலிருந்து அக்கா என்னோடு மூன்று நாள் கதைக்காமல் இருந்தது அப்போதுதான். அந்த மூன்று நாளும் தென்மராட்சியிலிருந்து வொய்ஸ் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஒரு வாடிக்கையாளர் ஏசியது, ஏசிவிட்டு மன்னிப்புக் கேட்டது என்று சின்னச் சின்ன விசயங்கள். நான் களை பிடுங்கிக்கொண்டு கேட்பேன், தனியே சிரிப்பேன். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியால் எட்டிப் பார்த்து, "என்ன ஐசே, வெங்காயம் பகிடி விடுதோ?" என்று கேட்டார்.

நாலாம் நாள் அக்கா எடுத்தார். குரலில் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருந்தது.

"சரி. ஒருக்காப் போய் நேரிலை பாத்திட்டு வா. நான் காதுக்கை வரமாட்டன்." பிறகு, "நல்ல சேட்டாப் போடு. அந்தக் கட்டம் போட்டதைப் போட்டுக்கொண்டு போய் நிக்காதை" என்றார். அதை மட்டும் நான் கேட்டு நடந்தேன்.

வெள்ளிக்கிழமை அந்தக் குரலுக்குரியவருடைய வேலை முடிகிற நேரத்துக்கு யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்குப் போனேன். தன் அம்மாவுக்கும் சொல்லிவிட்டுத்தான் அவர் வந்தார். நான் நினைத்ததைவிட உயரம். கைப்பையும் குடையுமாக நேரே என்னிடம் வந்து, "நீங்கள்தானே?" என்றார். தலையை ஆட்டினேன். வழி முழுக்க மனதில் ஒழுங்குபண்ணி வைத்திருந்த ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "பசிக்குதோ?" என்று கேட்டேன்.

"பசிக்குது. இண்டைக்குச் சாப்பிட நேரம் கிடைக்கேல்லை" என்றார்.

பக்கத்துக் கடையில் இருந்து வடையும் பால் விடாத பிளேன்ரீயும் எடுத்தோம். எனக்குக் கூச்சம், அவருக்குத் தொண்டை களைப்பு. இரண்டு பேரும் கனக்கக் கதைக்கவில்லை. அவர் நாலு வடை சாப்பிட்டார். நான் ஐந்து. காசு கொடுக்கும்போது கடைக்காரர், "அண்ணையும் அக்காவும் எவ்வளவு எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். குடையும் கையுமாக நின்ற அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தென்மராட்சிக்கு, சாவகச்சேரிப் பக்கம் போகிற பஸ் வந்து நின்றது. அவர் ஏறி யன்னல் ஓரம் இருந்தார். பஸ் எஞ்சின் இரைந்துகொண்டிருந்தது. அவர் யன்னலால் குனிந்து கேட்டார்:

"புரோக்கர் நாளைக்கு வீட்டை வாறாராம். நான் ஓம் எண்டு சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ" என்றேன்.

"என்ன? கேக்கேல்லை."

உண்மையாகவே கேட்டிருக்காது. எஞ்சின் சத்தம் அப்படி. நான் கிட்டப் போய் இன்னொரு தரம் சொன்னேன். அவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் தலையை ஆட்டினார். மிதிபலகையில் நின்ற கொண்டக்ரர் என்னைப் பார்த்து, "அண்ணை, என்னவோ கெதியாச் சொல்லுங்கோ, பஸ் எடுக்கப் போறம்" என்றார். யன்னல் ஓரங்களில் இருந்த எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்றேன். "எனக்கு விருப்பம்."

அது பஸ்ஸுக்கும் கேட்டது, அடுத்த பஸ்ஸுக்கும் கேட்டது. கொண்டக்ரர், "சரி, அண்ணைக்கு விருப்பமாம், போவம்" என்று மணியடித்தார். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவர் வெளியே பார்க்காமல் குடையை மடியில் வைத்து முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். ஆனால் பஸ் திரும்பும்வரை அவருடைய தோள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பஸ் போன பிறகு நான் அந்த இடத்திலேயே நின்றேன். பக்கத்தில் கடலை விற்றுக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன தம்பி, கலியாணமோ? நீர் எந்த ஊர்? பொம்பிளை எந்த இடம்? எப்ப நாள்?" என்று கேட்டார்.

பின்னால் இரண்டு பேர் கடலை வாங்க நின்றார்கள். நான் நின்று ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன்.